நோயும் பெயரும்

ஒரு நோய்க்கு மக்கள் இட்ட பெயரை ஆராய்ந்தால், அந்நோயின் இயல்பு விளங்குகின்றதோ இல்லையோ, பெயரிட்டவரின் மனம் விளங்கிவிடும். கலவியின் வழியே தொற்றும் நோய்களின் பெயர்களை இவ்வாறு நோக்குதல் பயனுடைத்து. இது நாம் கூசிப் பேசாது விடும் பொருள். ஆயினும், இன்று கொழும்பில் வாழும் நம் இளைஞர் பலரின் உயிரோடு தொடர்புடையதாதலின், கற்றோர் இதனை வாய்திறந்து பேசக் கடமைப்பட்டுள்ளனர்.

சிபிலிசு என்று மருத்துவர் கூறும் நோயைத் தமிழர் ‘பறங்கிப்புண்’ என்றும் ‘பறங்கி வியாதி’ என்றும் வழங்கினர். 1505 ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரைப் போன்ற மேனாட்டாரே பறங்கியர். அவர்கள் கொணர்ந்த பிணி என்பது அப்பெயரின் கருத்து. அதற்கு மருந்தாக வழங்கிய கிழங்கிற்கும் ‘பறங்கிப்பட்டை’ என்ற பெயர் நிலைத்தது. சிங்கள மக்களோ, கலவியால் அன்றித் தோலின் தொடர்பாற் பரவும் யோஸ் எனும் வேறொரு புண்ணோயைப் ‘பறங்கி’ என்றனர். நோய் வேறாயினும் பழி ஒருவர்மீதே சென்றது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். பிரெஞ்சுக்காரர் அதனை நேப்பிள்ஸ் நோய் என்றனர். இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றனர். உருசியர் போலந்து நோய் என்றனர். சிபிலிசு என்னும் பெயரோ ஒரு செய்யுளிற் பிறந்தது. பிரக்கஸ்தோரோ என்னும் இத்தாலிய மருத்துவர் 1530 ஆம் ஆண்டில் வெளியிட்ட இலத்தீன் நூலில் வரும் இடையன் ஒருவனின் பெயர் அது. தெய்வத்தை இகழ்ந்தமையால் அவன் அந்நோயைப் பெற்றான் என்பது கதை. அயலவன்மீது ஏற்றாதபோது பாவத்தின்மீது ஏற்றினர் என்க. 1905 இல் சௌடினும் ஒப்மனும் பெர்லின் நகரில் அந்நோயின் கிருமியைக் கண்டனர். கிருமிக்கு நாடும் இல்லை, பாவமும் இல்லை.

இது தெளிந்த பின்னரும் மனம் மாறவில்லை. 1981 இல் அமெரிக்காவில் ஆண்களோடு உறவுகொண்ட ஆண்கள் சிலரிடம் புதுநோய் ஒன்று காணப்பட்டது. தொடக்கத்திலே சிலர் அதனை அத்தகையோருக்கே உரிய நோயாகக் கருதிப் பெயரிட்டனர். மறு ஆண்டிலேயே எய்ட்ஸ் என்னும் பெயர் வந்தது. பழைய பெயரின் நிழல் மட்டும் போகவில்லை. தமிழில் வழங்கும் ‘பால்வினை நோய்’ என்பதையும் சற்றே எண்ணுக. இலக்கணத்தில் வினை என்பது செயல். ஆனால் நம் செவியில் முதலில் ஒலிப்பது பழவினையும் தீவினையுமே. ‘பாலியல் தொற்று’ என்பது இதனினும் நேரிய சொல். தொற்றுதல் கிருமியின் தொழில். அதில் தண்டனை இல்லை.

ஆணுறையின்றி ஆணோடு ஆண் கொள்ளும் உறவிலே இடர் மிகுதியாவது ஏன்? மலக்குடலின் உட்சவ்வு ஒற்றை உயிரணு அடுக்கால் ஆயது, எளிதிற் கீறுவது. ஆதலின் அவ்வழி உறவை ஏற்பவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிகப் பெரிது. மற்றவருக்கும் அது இல்லாமற் போவதில்லை. சிபிலிசின் முதற்புண் பெரும்பாலும் நோவதில்லை. வாயினுள்ளோ மலவாயினுள்ளோ தோன்றின் கண்ணுக்கும் படாது. சில கிழமைகளில் தானே ஆறிவிடும். பின்னர் உடலிலும், சிலருக்கு உள்ளங்கை உள்ளங்கால்களிலும், தடிப்புத் தோன்றி மறையும். மறைந்தமை நீங்கியமை ஆகாது. மருந்தின்றி விடின், ஆண்டுகள் கழிந்து இதயத்தையும் மூளையையும் தாக்கவல்லது. கொனோரியாவோ தொண்டையிலும் மலக்குடலிலும் குறியேதும் காட்டாது தங்கும். சிறுநீரை மட்டும் சோதித்தால் அது அகப்படாது. ஆகவே தான் கொண்ட உறவின் வகையை வைத்தியரிடம் மறைப்பவன் நோயையும் மறைத்தவனாகின்றான்.

காப்பதற்கு வழிகள் உள. ஆணுறை முதலாவது. ஆனால் தேங்காய் எண்ணெய் போன்றவை இறப்பர் உறையை நலிவித்துக் கிழியச் செய்யும். நீர் சேர்ந்த பசையையே பயன்படுத்தல் வேண்டும். ஈரலழற்சி ‘பி’ நோய்க்குத் தடுப்பூசி உண்டு. எச்.ஐ.வி. தொற்றாதவாறு முன்கூட்டியே உட்கொள்ளும் மாத்திரை உண்டு. இடர் நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துள் தொடங்கத்தக்க மருந்தும் உண்டு. சிபிலிசைப் பெனிசிலின் ஊசி குணப்படுத்தும். எச்.ஐ.வி. உடையவரும் நாள்தோறும் மருந்துண்டு, குருதியிற் கிருமி அளவிட இயலாத நிலையை எய்தின், உறவின் வழி பிறர்க்கு அதனைத் தொற்றச் செய்வதில்லை. ஆண் இணையர் பல நூற்றுவரை ஆராய்ந்து 2019 இல் ஐரோப்பிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவு இது.

நம் நாட்டின் நிலை யாது? இலங்கையர் ஒருவரிடம் எச்.ஐ.வி. முதன்முதல் அறியப்பட்டது 1987 இல். கருவுற்ற தாய்மாரைத் தவறாது சோதிக்கும் முறை நாடெங்கும் வேரூன்றியமையால், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுதலை ஒழித்த நாடு என உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இலங்கையைப் பாராட்டியது. மறுபுறம், புதிதாக அறியப்பட்ட எச்.ஐ.வி. தொற்றுகள் 2022 இல் 607; 2023 இல் அதனினும் மிகுதி. இவ்வாறு அறியப்படும் ஆண்களுள் ஆணுறவால் தொற்றுற்றோர் பெரும்பகுதியினர். இரண்டு இடத்தும் சோதனை ஒன்றே. தாய்மாரிடம் வெட்கமின்றிக் கேட்டோம், வென்றோம். இளைஞரிடம் கேட்கவில்லை.

கேளாமைக்குச் சட்டமும் ஒரு காரணம். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் இவ்வுறவைக் குற்றமாக்கின. அதனை நீக்க முனைந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் 2024 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அது நிறைவேறாமலே நின்றது. சட்டத்தினும் வலியது ஊர்வாய். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இருந்து வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுத்துத் தங்கும் இளைஞன், தன் தெருவிலுள்ள வைத்தியரிடம் போக அஞ்சுவான். அவ்வைத்தியர் தன் மாமனுக்கு அறிமுகமானவராய் இருக்கக்கூடும். அவன் மருந்துக்கடையில் ஏதோ மாத்திரை வாங்கி விழுங்குவான். அல்லது தானே ஆறிய புண்ணை எண்ணி மகிழ்வான்.

அவனுக்குச் சொல்லவேண்டியது ஒன்றே: கொழும்பு 10, டி சேரம் பிளேசில் தேசிய பாலியல் நோய் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய சிகிச்சை நிலையம் உள்ளது. வெள்ளவத்தையிலிருந்து சென்றாலும் கொட்டாஞ்சேனையிலிருந்து சென்றாலும் அது தொலைவன்று. அங்கே சோதனையும் சிகிச்சையும் இலவசம். விவரங்கள் இரகசியமாகப் பேணப்படும். மாவட்டந்தோறும் இத்தகைய நிலையங்கள் உள்ளன.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன். இன்று வைத்தியர் உளர், மருந்தும் உளது. நோயுற்றவன் தன் அறையிலே தனித்திருக்கின்றான். நான்காம் இடம் ஆசிரியராகிய நமக்கும், அவனோடு ஒரே அறையில் உறங்கும் தோழனுக்கும் உரியது. சோதித்துக்கொண்டாயா என்று அவனைப் பழிக்காது கேட்கும் ஒருவர் வேண்டும். வேண்டுமாயின் அவனோடு டி சேரம் பிளேஸ் வரை துணைக்குச் செல்லவும் வேண்டும்.