மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்தால் கொட்டாஞ்சேனை வீதிகளில் கறுப்பு வேட்டிகள் கூடிவிடும். விடியப்புறம் குளிர்ந்த தண்ணீரில் குளியல், செருப்பில்லாத நடை, மாலையில் பஜனை. மண்டல விரதம் 41 நாள். இலங்கையிலிருந்து வருடாவருடம் ஆயிரக்கணக்கானோர் ஐயப்ப மாலை அணிந்து சபரிமலைக்குப் போகிறார்கள். 2024 ஏப்ரலில் அமைச்சரவையும் அதைப் புனித யாத்திரையாக ஏற்றுக்கொண்டது. இந்த யாத்திரிகர்களில் ஒரு பகுதியினர் மீது நம் வைத்திய உலகம் இன்னும் கொஞ்சம் கண் வைத்திருக்கலாம் என்று எனக்குப் படுவதுண்டு. மாலை போடும் நாள்வரை தினமும் பத்துப் பன்னிரண்டு சிகரட் பற்றவைத்தவர்களைத்தான் சொல்கிறேன்.

யாத்திரையை வழிநடத்தும் குருசாமி கையால் மாலை ஏறியதும் அவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். மருந்து இல்லை, ஆலோசனை இல்லை. கஷ்டமாக இல்லையா என்று கேட்டால், "மாலை போட்டாப் பிறகு அந்த நினைப்பே வாறதில்ல" என்பார்கள். யாத்திரை முடிந்து மாலையைக் கழற்றிய மறுநாள் அதே ஆள் சந்திக் கடை வாசலில் நிற்பார், விரலிடுக்கில் புகையோடு. நோன்பு மாதத்தில் பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காதவர், நோன்பு திறந்த கையோடு லைட்டரைத் தேடுவதும் இதே கதைதான்.

மனவுறுதி இல்லாத ஆள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் 41 நாள் உறுதியாக இருந்தவரைத்தான் அப்படிச் சொல்கிறோம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. விரதத்தில் ஏன் அவ்வளவு கஷ்டம் தெரியவில்லை? முடிந்ததும் ஏன் அவ்வளவு சீக்கிரம் திரும்பினார்?

முதலில் நிக்கோட்டினின் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு தம் இழுத்தால் புகையிலுள்ள நிக்கோட்டின் நுரையீரல் வழியாகச் சில வினாடிகளில், அதிகம் போனால் இருபது வினாடிக்குள், மூளைக்குப் போய்விடும். அங்கே அசட்டைல்கோலின் என்ற நம் உடம்பின் சொந்த இரசாயனத்துக்கென்று உள்ள ஏற்பிகளில் அது ஒட்டிக்கொள்ள, டோபமீன் சுரக்கிறது. கலிபோர்னியாவில் மூளையைப் படமெடுத்து 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, இந்த ஏற்பிகளில் பாதியை நிரப்ப ஒன்றிரண்டு தம்மே போதும். தொடர்ந்து புகைப்பவரின் மூளை இதற்கு ஈடாக ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் நிக்கோட்டின் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், இரவு நித்திரை முடிந்து எழும்போது ஏற்பிகள் பெரும்பாலும் காலியாகக் கிடக்கின்றன. எழுந்தவுடன் பற்றவைக்கும் முதல் சிகரட்டுக்கு அவ்வளவு ருசி வருவது அதனால்தான்.

நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பசி, எதிலும் மனம் நிலைக்காமை. இவை சில மணித்தியாலத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணிகின்றன. கூடிய ஏற்பிகள் புகைக்காதவர்களின் அளவுக்குத் திரும்ப ஆறு முதல் பன்னிரண்டு வாரம் எடுக்கிறது. 41 நாள் ஏறக்குறைய ஆறு வாரம்தான். அதற்காக, முன்னோர் ஏற்பிகளை எண்ணிப் பார்த்துத்தான் மண்டலக் கணக்கு வைத்தார்கள் என்று யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டாம். புகையிலை இந்தப் பக்கம் வந்ததே போர்த்துக்கேயரோடுதான்.

இந்தக் கணக்கின்படி மாலை போட்ட மூன்றாம் நாள் சாமி படாதபாடு பட்டிருக்க வேண்டும். அவரோ நினைப்பே வரவில்லை என்கிறார். பொய் சொல்கிறாரா?

இல்லை என்று நினைக்க நல்ல காரணம் இருக்கிறது. அது கிடைத்தது யூதர்களிடமிருந்து. ஆசாரமான யூதர்கள் வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை, சபாத் நாளில், நெருப்பு மூட்டக்கூடாது. மற்ற நாட்களில் ஓயாமல் புகைப்பவரும் அந்த ஒரு நாள் தொடமாட்டார். தெல் அவிவ் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ரெயுவன் டார் குழுவினர் இப்படிப்பட்டவர்களிடம் மூன்று நாட்களின் ஏக்கத்தை அளந்து 2005இல் வெளியிட்டார்கள்: வழக்கம்போல் புகைக்கும் ஒரு வேலைநாள், ஆய்வுக்காகப் புகைக்காமல் இருக்கச் சொன்ன ஒரு வேலைநாள், சபாத் நாள். பின்னைய இரண்டிலும் உடம்புக்குப் புதிதாக நிக்கோட்டின் போகவில்லை. ஆனாலும் வேலைநாளில் நிறுத்தியபோது வந்த ஏக்கமும் எரிச்சலும் சபாத்தில் அந்த அளவுக்கு வரவில்லை. மிகக் குறைவாகவே இருந்தன.

அதே குழு 2010இல் செய்தது இன்னும் சுவாரசியம். இஸ்ரேலிய விமானப் பணியாளர்களில் புகைப்பவர்களைத் தேர்ந்து, சில மணித்தியாலக் குறும்பயணத்திலும் பத்து மணித்தியாலத்துக்கு மேற்பட்ட நெடும்பயணத்திலும் ஏக்கம் எப்படி ஏறுகிறது என்று பார்த்தார்கள். கடைசியாகப் புகைத்து எவ்வளவு நேரமாயிற்று என்பதுதான் முக்கியம் என்றால், நெடும்பயணம் முடியும்போது ஏக்கம் எங்கோ உயரத்தில் நிற்க வேண்டும். நடந்தது வேறு. இரண்டு பயணத்திலும் தரையிறங்கும் நேரம் நெருங்க நெருங்கத்தான் ஏக்கம் ஏறியது. குறும்பயணம் முடியும் வேளையில் இருந்த ஏக்கம், நெடும்பயணத்தில் அதே மணித்தியாலத்தில் இருந்ததைவிட அதிகம். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கும் லண்டனுக்கும் பறந்திருக்கிற வெள்ளவத்தைப் புகைஞர் எவருக்கும் இது விளங்கும். சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம்தான். சீட் பெல்ட் விளக்கு எரிந்ததும் கை சட்டைப்பையைத் தடவும். லண்டன் விமானத்தில் அந்த நேரத்தில் அவர் படம் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏக்கம் வெறும் பற்றாக்குறை மட்டுமல்ல, அது எதிர்பார்ப்பும்தான் என்பதே இதில் நான் எடுத்துக்கொள்வது. கிடைக்கும் என்று தெரிந்தால் மூளை கேட்கிறது. கிடைக்கவே கிடைக்காது என்று தீர்ந்துவிட்டால் கேட்பதைப் பெருமளவு விட்டுவிடுகிறது. இதைப் பிடித்துக்கொண்டு நிக்கோட்டினுக்கு அடிமைத்தனமே இல்லை, எல்லாம் பழக்கம்தான் என்று சொல்ல முற்படுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சபாத்துக்கு நிறுத்த முடிந்தவர்களைத்தான் ஆய்வில் பார்த்தோம், முடியாதவர்கள் அதில் இல்லை. நாளுக்கு இரண்டு பெட்டி முடிப்பவரின் மூன்றாம் நாள் கோபத்தை எந்த எதிர்பார்ப்புக் கோட்பாடும் முழுதாக விளக்காது. ஆனால் சாமியின் பதில் பொய்யில்லை என்பதற்கு இவ்வளவு போதும். மாலை ஏறியபோது அவருக்குள் "இப்போது ஒன்று அடிக்கலாமா?" என்ற கேள்வியே மூடப்பட்டுவிட்டது. கூட இருப்பவர்களும் மாறிவிட்டார்கள். உடுப்பு, எழும்பும் நேரம், சாப்பாடு, பின்னேரம் போகும் இடம் எல்லாம் மாறிவிட்டன. பழைய நண்பர்களும் சாமியிடம் ஒன்றை நீட்டமாட்டார்கள்.

மாலையைக் கழற்றும் நாள்தான் விமானம் தரையிறங்கும் நேரம். முடியும் திகதி தெரிந்த விரதம் ஆகையால் கடைசி வாரத்தில் நினைப்பு மெல்லத் தலைகாட்டும். திரும்பி வந்தால் கடை அதே இடத்தில் இருக்கிறது.

கொழும்புக் கடையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்பதையும், விளம்பரத்தையும், பொது இடங்களில் புகைப்பதையும் தடைசெய்தது. 2015இலிருந்து பெட்டியின் 80 சதவீதத்தைப் பயமுறுத்தும் படங்கள் மூடியிருக்கின்றன. ஆனால் பெட்டியை இங்கே யார் வாங்குகிறார்கள்? ஒன்றின் விலையே நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட பிறகு, ஒவ்வொன்றாக வாங்குவதே வழக்கம். கடைக்காரர் பெட்டியிலிருந்து உருவிக் கொடுப்பார், லைட்டர் நூலில் தொங்கும், அந்தப் படங்கள் பெரும்பாலும் அவர் கண்ணில்தான் படும். பெட்டி வாங்குபவர் ஒருநாளைக்கு ஒருமுறை முடிவெடுத்தால், ஒன்றொன்றாக வாங்குபவர் பத்து முறை கடை வாசலுக்குப் போகிறார். பத்து முறையும் அந்தச் சந்தி, அந்தக் கூட்டம், கையில் ஒரு பிளேன்டீ. 2015இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் ஆண்களில் 29 சதவீதத்தினர் புகைப்பவர்கள், பெண்களில் ஆயிரத்தில் ஒருவர். ஆகவே இது ஆண்கள் கூடும் இடத்தின் கதையாகவும் இருக்கிறது. 

கடை வாசலில் குடிக்கும் அந்தப் பிளேன்டீயில் ஒரு வில்லங்கம் ஒளிந்திருக்கிறது. நிறுத்துபவர்களில் பலருக்கு இது தெரியாது. வைத்தியர்களும் அதிகம் சொல்வதில்லை. புகையிலுள்ள தார்ப் பொருட்கள் ஈரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. கஃபீனை உடைப்பதும் அதே நொதிதான். அதனால் புகைப்பவரின் உடம்பு தேநீர், கோப்பிக் கஃபீனை மற்றவர்களைவிட வேகமாகத் தீர்த்துவிடுகிறது. புகையை நிறுத்தினால் சில நாட்களில் நொதி தணிந்துவிடும். தேத்தண்ணியை மட்டும் குறைக்காவிட்டால், இரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், இரவு நித்திரை வராது. "சிகரட் விட்டதாலதான் இந்த டென்ஷன், ஒண்டு அடிச்சால் சரியாகும்" என்று மனம் அதற்கு விளக்கம் சொல்லும். அதில் பாதி ஆறாவது பிளேன்டீயின் வேலையாக இருக்கலாம். நிறுத்தும் வாரத்தில் தேநீரையும் கோப்பியையும் பாதியாகக் குறைத்துக்கொள்வது காசில்லாத வைத்தியம். கடைக்குப் போகும் தடவைகளும் கூடவே பாதியாகும்.

டென்ஷனுக்குத்தான் புகைக்கிறோம் என்ற நம்பிக்கையும் ஆராய்ச்சியில் நிற்கவில்லை. நிறுத்தியவர்களையும் தொடர்ந்தவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை வெளியிட்ட கட்டுரையின்படி, நிறுத்தியவர்களின் பதற்றமும் மனஅழுத்தமும் குறைந்தன. சிகரட் போக்கும் டென்ஷனில் பெரும்பங்கு, முந்தைய சிகரட் தீர்ந்ததால் வந்தது. எடை கூடும் என்ற பயம் மட்டும் உண்மையானது: ஒரு வருடத்தில் சராசரியாக நான்கு முதல் ஐந்து கிலோ.

அப்படியென்றால் விரதத்திலிருந்து எதை எடுத்துக்கொள்வது? முதலாவது, திகதி குறித்து ஒரேயடியாக நிறுத்துவது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது புத்திசாலித்தனம்போலத் தோன்றும். இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 700 பேரை வைத்து நடத்தி 2016இல் வெளியான சோதனையிலோ, ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதத்தினர் நான்கு வாரம் தாக்குப்பிடித்தார்கள். படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 சதவீதத்தினரே. குறைப்பவர் மனதில் அடுத்தது எப்போது என்ற எதிர்பார்ப்பு எப்போதும் இருப்பதுதான் காரணம் என்பது என் ஊகம். இரண்டாவது, இடத்தையும் கூட்டத்தையும் மாற்றுவது. ஏக்கம் அலையாக எழுந்து சில நிமிடங்களில் தணியும். அந்த நிமிடங்களில் வேகமாக நடப்பது பலன் தருவதாகப் பல சிறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெள்ளவத்தைக்காரருக்கு மரைன் டிரைவ் இருக்கிறது. காலி வீதிச் சந்திகளுக்குப் பதில் கடற்கரைப் பக்கம் இறங்கிவிடலாம். மூன்றாவது விரதத்தில் இல்லாதது: முடியும் நாளைக் குறிக்காமல் விடுவது. சபரிமலையிலிருந்து இறங்குபவர் உடம்பளவில் கடினமான பகுதியைத் தாண்டிவிட்டவர். இருமுடி இறக்கும் அன்றைக்கே புகைக்கு மட்டும் விரதத்தை நீட்டும்படி குருசாமிமார் ஒரு வார்த்தை சொன்னால், எந்தச் சுகாதாரச் சுவரொட்டியும் செய்யாததை அது செய்யக்கூடும்.

எல்லோருக்கும் இவை போதாது. எந்தத் துணையும் இல்லாமல் நிறுத்துபவர்களில் ஒரு வருடம் தாண்டுபவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். மருந்து எடுப்பது தோல்வி அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டி நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை, வரெனிக்லின், புப்ரோபியன், சைட்டிசின் ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. எது யாருக்குப் பொருந்தும் என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் ஆலோசனைத் தொலைபேசி இலக்கம் 1948. சுதந்திரம் கிடைத்த வருடம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

நிக்கோட்டின் சுவிங்கம் வந்த கதையும் புகைக்க அனுமதியில்லாத இடத்திலிருந்து தொடங்கியதுதான். சுவீடன் நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் கடலுக்கடியில் புகைக்க முடியாமல் புகையிலையை வாயில் அடக்கிச் சமாளிப்பதைக் கவனித்த கிளாஸ் லுண்ட்கிரென், 1967இல் தன் நண்பர் ஓவ ஃபெர்னோவுக்கு அதை எழுதினார். ஃபெர்னோ மருந்துக் கம்பனி ஆராய்ச்சியாளர், தானும் புகைப்பவர். அவர் உருவாக்கிய சுவிங்கத்தை 1978இல் சுவிட்சர்லாந்து அனுமதித்தது. அதில் காரப்பொருள் சேர்க்கிறார்கள். உமிழ்நீர் காரமானால்தான் நிக்கோட்டின் கன்னத்தின் உட்தோல் வழியே இரத்தத்தில் இறங்கும். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் புகையிலை சேர்க்கும் நம் கிழவிமாருக்கு அதன் பலன் நாக்கில் தெரிந்திருந்தது. அதற்காகச் சிகரட்டை விட்டு வெற்றிலை புகையிலைக்கு மாறிவிடக்கூடாது. வெற்றிலையோடு மெல்லும் பாக்கே புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோயும் வாய்ப்புற்றுநோய்தான்.

சுவிங்கத்தைச் சாதாரண சுவிங்கம்போல விடாமல் மென்றால் நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கல்தான் மிஞ்சும். உறைப்பு நாக்கில் ஏறும்வரை மென்று, பிறகு கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். உறைப்பு தணிந்தால் திரும்ப மெல்லலாம். புளிப்பான எதுவும் அதன் வேலையைக் கெடுக்கும். தேசிக்காய்த் தண்ணீரோ கோப்பியோ குடித்தால் சுவிங்கத்துக்குக் கால் மணித்தியாலம் பொறுக்க வேண்டும்.