தூண்டுகோலும் ஒரு திரியும்

விடியற்காலை நாலரை. ஸ்ரீமுஷ்ணத்தில் எங்கள் தெருவுக்கு இன்னும் பால்காரர்கூட வரவில்லை. விசிறியை நிறுத்திவிட்டு, கூடத்தில் விளக்கின் முன் தியானத்தில் உட்காருகிறேன். விசிறி ஓடினால் சுடர் சாயும், மனமும் கூடவே சாயும்.

முதல் மாதம் சுடரைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தேன். கரும்புக்கு வரவேண்டிய பணம், அண்ணன் மகள் கல்யாணம் எல்லாம் உட்காரும் பத்து நிமிடத்தில்தான் வந்து நிற்கும். கால் மரத்துப்போகும். இரண்டு முறை விட்டுவிட்டேன். திரும்ப உட்காரவைத்தது வடலூர்.

சேத்தியாத்தோப்பு வழியாகப் போனால் வடலூர் பக்கம்தான். வள்ளலார் இராமலிங்க அடிகள் பிறந்த மருதூரும் எங்கள் கடலூர் மாவட்டமே. சென்னை ஏழுகிணற்று வீட்டு மாடியறையில், சுவரில் கண்ணாடி சாத்தி, முன்னால் விளக்கேற்றி, சிறுவன் இராமலிங்கம் உட்கார்ந்த கதை ஊரறிந்தது. அதை அற்புதமாகவே கேட்டு வளர்ந்தவன் நான். நானே உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அதற்குள் இருந்த உழைப்பு தெரிந்தது. அதேபோலக் கண்ணாடியும் விளக்கும் 1872-ல் வடலூர் சத்திய ஞான சபைக்குள் வந்தன. இடையே ஏழு திரைகள். தைப்பூசத்தன்று கறுப்பு, நீலம், பச்சை என்று ஒவ்வொன்றாக விலகும்வரை அத்தனை கூட்டமும் காத்து நிற்கும். அந்தக் காத்திருப்பையே பாதி தியானம் என்பேன்.

ஆனால், ஜோதியைவிட என்னை உலுக்கியது, அங்கே பசித்தவர்க்குச் சோறிடும் தருமசாலையின் அடுப்பு. 1867 மே 23-ல் வள்ளலார் மூட்டிய நெருப்பு இன்றுவரை அணையவில்லை. மழையோ புயலோ, யாரோ ஒருவர் தினமும் விறகு தள்ளியிருக்கிறார். பந்தியில் முன்பின் தெரியாதவரோடு உட்கார்ந்து சாப்பிட்டபோது, ஒரு மாதத்தில் சலித்துப்போன என் பத்து நிமிடம் கண்ணில் நின்றது. கண்மூடி இருப்பதற்கும் மேலாகப் பசியாற்றுவதை வைத்தவர் அவர். உட்கார்ந்து எழுந்த பிறகு வீட்டில் நாலு பேரிடம் சிடுசிடுத்தால் அந்த உட்காரல் எதற்கு என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

திரி நுனியில் கரி கட்டினால் சுடர் மங்கும். தூண்டுகோலால் மெல்லத் தட்டி, திரியைக் கொஞ்சம் முன்னே தள்ளி, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுத் திரும்ப உட்கார வேண்டும். மனதுக்கும் இதைத்தான் செய்கிறேன். திட்டுவதில்லை.

ஒன்றரை வருடமாகிறது. பத்து நிமிடம் அரை மணியாகியிருக்கிறது. முன்பெல்லாம் விடிகாலை பஸ் ஹாரன் கேட்டால், மனம் அதிலேறி விருத்தாசலம் போய்ச் சேர்ந்த பிறகே எனக்குத் தெரியும். இப்போது மனம் பஸ் படியில் கால் வைக்கும்போதே தெரிந்துவிடுகிறது.