ஈயம் போய் வெந்நீர் வந்த கதை

ஈப்போவின் குனோங் ராபாட்டுக்கு வெளியூர்க்காரர்கள் இன்று பெரும்பாலும் இரண்டுக்காக வருகிறார்கள்: குகைக்கோயில், ஹியோங் பியா பிஸ்கட். கெக் லோக் தோங் குகை ஒரு காலத்தில் இரும்புத்தாது வெட்டிய இடம் என்று சொன்னால், வழவழப்பான தரையில் நடந்து பின்புறத் தோட்டத்தையும் குளத்தையும் பார்த்தவர்கள் நம்புவதில்லை.

அன்று ஈப்போவைச் சுற்றியுள்ள இந்தக் கிந்தா பள்ளத்தாக்கில் தண்ணீர் ஒரு கூலியாள். லம்பம் எனப்படும் ஈயச் சுரங்கங்களில் அதைப் பீய்ச்சி மண்மேட்டை உடைப்பார்கள். கரைந்த சேற்றைப் பம்பு வைத்து உயரத்துக்கு ஏற்றி, ‘பாலோங்’ என்ற நீண்ட சரிவுத் தொட்டியில் ஓடவிட்டால், கனமான ஈயமணல் அடியில் தங்கிவிடும், மிச்சம் வழிந்தோடும். ஆற்றோரத்தில் சீனப் பெண்கள் நீரில் குனிந்து நின்று டூலாங் தட்டில் அலசுவார்கள். நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பால்மரத் தோட்டம்தான் பிழைப்பு. ஆனாலும் ஈப்போ கடைத்தெருவில் புரண்ட பணத்துக்கு ஊற்றுக்கண் ஈயமே.

அந்தக் கண் 1985 அக்டோபர் 24 அன்று அடைபட்டது. விலையைத் தாங்கிப் பிடித்திருந்த அனைத்துலக ஈய மன்றம் கையில் காசில்லை என்று சொல்ல, லண்டன் சந்தையில் ஈய வியாபாரம் நின்றது. விலை சரிந்தது, லம்பங்கள் அடுத்தடுத்து மூடின. மிஞ்சியவை குட்டைகள்.

பக்கத்துத் தம்பூனில் வெந்நீர் அப்போதும் கொப்பளித்துக்கொண்டுதான் இருந்தது. இங்கே எரிமலை கிடையாது. மலையில் பெய்த மழை பாறைப் பிளவுகளில் ஆழ இறங்கி, பூமிச்சூட்டில் காய்ந்து, வேறொரு பிளவு வழியே ஏறி வருகிறது. வேடிக்கை என்னவென்றால், பள்ளத்தாக்குக்கு ஈயத்தைக் கொண்டுவந்ததும் இந்த மலைகளின் கிரானைட்தான். மூட்டுவலிக்கு நல்லது என்று போய்க் காலை நனைத்து வருவதற்கு மேல் அந்த வெந்நீரை அன்று யாரும் பெரிதாக எண்ணவில்லை. 2004-இல் சன்வே நிறுவனம் அதைச் சுற்றி ‘லாஸ்ட் வேர்ல்ட் ஆஃப் தம்பூன்’ பூங்காவைத் திறந்தது. 2010-இல் பஞ்சரான் சொகுசு விடுதி வந்தது. அங்கே சுண்ணாம்புக் குகைக்குள்ளேயே நீராவிக் குளியல். மூட்டுவலிக்காரக் கிழவருக்கு அந்த வாடகை கட்டுப்படியாகாது என்பது வேறு விஷயம்.

செக் நாட்டுக் கார்லோவி வாரி நகருக்கு 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே வெந்நீர்தான் முதல். அங்குள்ள பெரிய ஊற்று 12 மீட்டர் உயரம்வரை பீறிடும். அதன் நீரை மருந்தாகக் குடிக்கிறார்கள். நமக்கோ ஈயம் செத்த பிறகுதான் அது கண்ணில் பட்டது.

ஈப்போ தவுகே (முளைப்பயறு) குண்டாக இருப்பதற்கும் சுண்ணாம்பு மலைத்தண்ணீர்தான் காரணம் என்று கடைக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். அந்த மலைகள் நிற்கும் கிந்தா பள்ளத்தாக்கு 2018-இல் தேசிய ஜியோபார்க் (புவிப்பூங்கா) ஆனது. ஆனால் அந்தத் தண்ணீரைச் சொட்டவிடும் சுண்ணாம்புக் குன்றுகளை வெட்டும் குவாரிகளும் அதே பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன.