பாரம் குறைந்தது! பரிசு கிடைத்தது!

பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளா பந்தயத்துக்குச் சின்ன வண்டியைத்தான் பூட்டுவார்கள். 200 மீட்டர், 300 மீட்டர் ஓட்டம். காளைக்குப் பாரம் கூடாது!

பாரம் ஆகாத பந்தயம் மோட்டார் சைக்கிளிலும் உண்டு. பெயர் "டிரையல்ஸ்". பாறையிலும் ஓடையிலும் ஓட்ட வேண்டும். வேகம் பெரிதல்ல. கால் தரையில் பட்டால் தப்புப் புள்ளி!

வட அயர்லாந்து வீரர் சாமி மில்லரின் ஏரியல் வண்டி 500 சி.சி. யானைக் கனம்! மில்லர் சும்மா இருக்கவில்லை. இரும்புச் சாமான்களைக் கழற்றினார். அலுமினியமும் கண்ணாடி இழையும் மாட்டினார். எடை சுமார் 110 கிலோவாக இறங்கியது. 1962, 1964-ல் ஸ்காட்லாந்து 6 நாள் பந்தயத்தில் முதல் பரிசு!

அதோடு திருப்தியா? இல்லை. ஸ்பெயின் நாட்டு பல்டாகோ கம்பெனியாருடன் சேர்ந்து, அதையும் விட லேசான "ஷெர்பா" வண்டியை உருவாக்கினார். 1965-ல் அதே பந்தயம். ஷெர்பா முதலில் வந்தது!

பாடுபட்டு இளைக்க வைத்த ஏரியல்? அதை ஓரம் கட்டிவிட்டார்.