பவுனில் உருவம் பொறித்த சிற்பி

பவுன் என்னும் சொல்லை அறியாத இல்லம் நம் நாட்டில் அரிது. எட்டுக் கிராம் தங்கத்தைக் குறிக்கும் இந்நிறைப்பெயர், இங்கிலாந்தின் சவரன் என்னும் பொற்காசிலிருந்து பிறந்ததாகும். அக்காசின் ஒரு புறத்தில், குதிரைமீதமர்ந்து வலுசர்ப்பத்தை வதைக்கும் பரிசுத்த ஜார்ஜின் உருவம் விளங்கும். அதன் அடியில் மிகச் சிறிய எழுத்துக்கள் இரண்டு உண்டு. அவை அவ்வுருவத்தை அமைத்த பெனடெட்டோ பிஸ்ட்ருச்சியின் பெயரைக் குறிப்பனவாம். அவருடைய வரலாற்றை இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

பிஸ்ட்ருச்சி 1783-ஆம் ஆண்டு ரோமாபுரியிற் பிறந்தார். இளமையிலேயே மணிக்கற்களில் உருவம் செதுக்கும் தொழிலிற் கைதேர்ந்தார். 1815-இல் லண்டன் சேர்ந்தபின், அந்நகரத்துத் தங்கசாலைத் தலைவராகிய வெல்லெஸ்லி போல் அவர் திறமையை உணர்ந்து ஆதரித்தார். முதலில் மன்னரின் தலையுருவைச் சிவந்த ஜாஸ்பர் கல்லிற் செதுக்கித் தந்தார். அதனைப் பார்த்துப் பிறர் வெட்டிய அச்சுக்கள் திருப்தி அளிக்காமையால், தாமே எஃகில் வெட்டக் கற்றுக்கொண்டார்.

அத்தொழில் எளிதன்று. அச்சில் உருவத்தைக் குழிவாகவும், இடம் வலமாக மாற்றியும் வெட்டுதல் வேண்டும். பின்பு அவ்வெஃகைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டெனக் குளிர்வித்து உரமேற்றுவர். அப்பொழுது அச்சு வெடிப்பின் பன்னாள் உழைப்பும் பாழாம். இவ்விடர்களைக் கடந்தே 1817-இல் சவரன் காசு வெளிவந்தது.

அவ்வாண்டில் தலைமை அச்சுவெட்டுநர் பதவி காலியாயிற்று. அப்பணியைப் பிஸ்ட்ருச்சி செய்துவந்தும், அந்நியராதலின் பதவிப் பெயர் அவருக்குக் கிட்டவில்லை. 1828-இல் அது வில்லியம் வயன் என்பவருக்கு அளிக்கப்பட்டது. இவர்க்குத் தலைமைப் பதக்கச் சிற்பி என்ற பெயரே வாய்த்தது. இவரும் வளைந்துகொடுக்கும் இயல்பினரல்லர். நான்காம் ஜார்ஜ் மன்னரின் உருவை மற்றொரு சிற்பி செய்த சிலையைப் பார்த்துப் பொறிக்குமாறு பணித்தபோது, உறுதியாய் மறுத்துவிட்டார்.

வாட்டர்லூ வெற்றியின் நினைவாக, நேச நாட்டு அரசர் நால்வர்க்கு வழங்குதற்குரிய பதக்கம் ஒன்றை அமைக்கும் பணி 1819-இல் அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஒரு புறம் அவ்வரசர்களின் தலைகள். மறுபுறம் வெலிங்டனும் புளூச்சரும் குதிரைமீது செல்லுங் காட்சி. குறுக்களவு ஏறக்குறைய ஐந்தரை அங்குலம். பதவி குறித்த மனத்தாங்கலும் வேலையின் அருமையும் கூடிக் காலத்தை நீட்டின. 1849-இல் அச்சுக்களை ஒப்படைத்தபோது, அந்நால்வருள் ஒருவரேனும் உயிரோடில்லை. அத்துணைப் பெரிய அச்சை உரமேற்றினால் வெடிக்குமென்று அஞ்சிய அதிகாரிகள் பதக்கத்தை அடிக்கவேயில்லை. மென்பொருள்களில் எடுத்த படிகளே எஞ்சின. 1855-இல் பிஸ்ட்ருச்சி காலமானார்.

1825-இல் சவரனிலிருந்து நீக்கப்பட்ட ஜார்ஜின் உருவம் 1871-இல் மீண்டும் இடம்பெற்றது. 1918-இல் பம்பாய்த் தங்கசாலையிலும் அக்காசு அடிக்கப்பட்டது. பிரிட்டனில் இன்றும் அடிக்கப்படுகின்றது. பேரரசர்க்கென முப்பதாண்டு உழைத்த பதக்கம் அவர்களைச் சேரவில்லை. விரலகலமேயுள்ள காசோ எளியோர் கையிலும் ஏறிக் கடல் கடந்து சென்றது. ஒரு தொழிலாளனின் புகழ் அவன் எதிர்பார்த்த இடத்திலேயே தங்குவதில்லை என்பதற்கு இஃதொரு சான்றாகும்.