மலையிலே குளிரு, தீவிலே காத்து: வெயில் எங்கே போச்சு?

ஆனி மாதம் நெருங்கினால் நமது தோட்டங்களில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "இந்த வருஷம் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குப் போறோமா, இல்லியா?" சீட்டுப் பிடித்த காசை எடுத்து, நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பேசி, அட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கமிருந்து சாயந்தரம் புறப்பட்டால் இரவு முழுக்கப் பிரயாணம். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு இப்படிப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன சொந்தங்களை கிளிநொச்சியில் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. நல்ல காரியந்தான். ஆனால் போய் வந்தவர்களிடம் கேட்டால் பாதிப் பேர், "தலவலியில சாமியே சரியாப் பாக்கல" என்கிறார்கள். அது ஏன் என்றுதான் இம்முறை எழுதுகிறோம்.

நாமும் ஒரு தடவை அப்படியொரு கூட்டத்தோடு போயிருந்தோம். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு வரிசை. காலை பதினொரு மணி இருக்கும். நல்ல சோளகக் காற்று, சேலைத் தலைப்பு நிற்கவில்லை. நம்முடன் வந்த ஆயா ஒருவர் சத்தமில்லாமல் அப்படியே உட்கார்ந்து, பிறகு சரிந்துவிட்டார். தூக்கி நிழலுக்குக் கொண்டுபோய் முகத்தில் தண்ணீர் தெளித்து விசாரித்தோம். முதல் நாள் இரவு வேனில் ஏறியதிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. விரதம் என்று நினைத்தோம். அது இல்லை. "வழியில ஒதுங்க எடம் இருக்காதேன்னுதான் தம்பி" என்றார். வேனில் இருந்த பெண்கள் எல்லோருமே அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். கக்கூஸ் உள்ள இடமாகப் பார்த்து வேனை நிறுத்தச் சொல்ல ஏற்பாட்டுக்காரர்களான நமக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்தத் தப்பு நம்முடையது.

இன்னொருவர் இளவட்டம். கோயிலுக்குள் ஆண்கள் சட்டை கழற்றித்தான் போக வேண்டும். அவர் கழற்றிய சட்டையைத் தோளில்கூடப் போடாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு, தேர் இழுத்து, பகல் முழுக்க அப்படியே நின்றிருக்கிறார். அன்று இரவு வேனில் முதுகைச் சாய்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் தோள்பட்டை உரிந்து, ஒரு கிழமை வேலைக்குப் போகவில்லை. ஒரு கிழமைப் பேர் போச்சு. அவர் சொன்னது இதுதான்: "வெயிலே தெரியலியே, நல்ல காத்துதானே அடிச்சது!"

அவர் பொய் சொல்லவில்லை. வெயிலில் நம்மைத் தொடுகிற சங்கதி இரண்டு. ஒன்று சூடு. அது உடம்புக்குத் தெரியும். மற்றது புற ஊதாக் கதிர். அது கண்ணுக்கும் தெரியாது, சூடாகவும் உறைக்காது. தோலைச் சுடுவது, கண்ணைக் கெடுப்பது எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். சூடு தெரியவில்லை என்றால் நாம் வெயில் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

மலையிலும் இதே கதைதான். நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 6,100 அடி. நமக்கும் சூரியனுக்கும் நடுவே உள்ள காற்று மண்டலம் ஒரு சல்லடை மாதிரி. ஃபேக்டரியில் தூள் சலிக்கிறார்களே, அப்படி அது கெட்ட கதிரைக் கொஞ்சம் சலித்துத்தான் கீழே விடுகிறது. மேலே போகப் போக அந்தச் சல்லடையில் ஒரு பகுதி நமக்குக் கீழே போய்விடுகிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும், அதாவது 3,300 அடி அளவுக்கு, இந்தக் கதிர் நூற்றுக்குப் பத்து வீதம் போலக் கூடும். அப்படியென்றால் முகில் இல்லாத ஒரு நாளில் யாழ்ப்பாணத் தீவுகளைவிட நுவரெலியாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகம். குளிருகிறதே என்று கம்பளி போர்த்திக்கொண்டு கொழுந்து எடுக்கும்போது முகத்திலும் புறங்கையிலும் விழுவது அதுதான். சிவனொளிபாத மலைக்கு (2,243 மீட்டர்) இரவில் ஏறி, உதயம் பார்த்து, ஒன்பது பத்து மணிக்கு வெறுந்தலையோடு இறங்குகிறவர்களுக்கு அடுத்த நாள் மூக்கு எரிவதும் இதனால்தான். மெல்லிய முகில் மூடியிருந்தாலும் பெரும்பகுதி கதிர் வந்துகொண்டேதான் இருக்கும்.

அப்படியென்றால் மலையில் பழகிய நமக்குத் தீவு பெரிய காரியமா என்று கேட்கலாம். மலையில் செடி இருக்கிறது, சவுக்கு, சபுக்கு மரம் இருக்கிறது, பின்னேரம் மழையும் வந்துவிடும். தீவில் என்ன இருக்கிறது? பண்ணைப் பாலத்தைத் தாண்டினதும் இரண்டு பக்கமும் தண்ணீர். வேலணை, புங்குடுதீவு என்று போனால் பனைதான். பனை நிழல் ஒரு ஆளுக்குக்கூடப் போதாது, அதுவும் நடந்துகொண்டே இருக்கும். நெடுந்தீவில் வேலிக்குப் பதிலாகப் பவளக்கல்லை அடுக்கிச் சுவர் கட்டியிருப்பார்கள். வெள்ளைக் கல், வெள்ளை மண். காய்ந்த கடற்கரை மணல், விழுகிற கதிரில் நூற்றுக்குப் பதினைந்து வீதத்தைத் திருப்பி அடிக்கும், அலை நுரை இருபத்தைந்து வீதம் வரை. ஆகவே தொப்பி போட்டவருக்கும் கீழேயிருந்து நாடியிலும் கண்ணிலும் அடிக்கும்.

இதற்கு மேலே சூடு. நமது லயத்தில் பகல் 20 பாகை என்றால் பெரிய வெயில். அங்கே ஆனி மாதம் 32, 33 பாகை சாதாரணம். புதுச் சூட்டுக்கு உடம்பு பழக ஒன்று இரண்டு கிழமை வேண்டும். நாமோ ஒரே ராத்திரியில் இறங்கிப் போகிறோம். காற்று வியர்வையை உடனே காய வைத்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்றே தெரியாது.

கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நம்மவர்கள் சொல்வது பாதி உண்மை. நமது தோலின் கறுப்பு நிறமியே ஒரு குடைதான். தோல் புற்றுநோய் வெள்ளைக்காரரைவிட நமக்கு மிகக் குறைவு. ஆனால் சுடாது என்பதில்லை. வெள்ளைத் தோல் சிவக்கும், நம் தோலில் சிவப்பு தெரியாது. தொட்டால் வலிக்கும், இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும், பிறகு உரியும். கண்ணுக்கு அந்தக் குடையும் இல்லை. வருஷக்கணக்காக வெயிலில் நிற்கிறவர்களுக்குக் கண் ஓரத்தில் சதை வளர்வதற்கும், கண்ணில் வெள்ளை படர்வதற்கும் இந்தக் கதிர் ஒரு காரணம்.

சரி, என்ன செய்வது? முதலில் நேரம். உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை என்று அர்த்தம். மணிக்கூடு தேவையில்லை. விடிய முதல் படகுகளில் போய்விட்டால் வெயில் ஏறமுன் நயினாதீவில் இறங்கிக் கும்பிட்டு முடிக்கலாம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் போலக் கடலில் இருக்க வேண்டும், அங்கே இதைக் கட்டாயம் யோசியுங்கள்.

அடுத்தது உடுப்பு. வேடிக்கை என்னவென்றால் மலைக்குப் போகும்போது நமது பெண்கள் முழுக்கைச் சட்டை, தலைத்துணி, படங்கு என்று வெயிலுக்குச் சரியாகத்தான் உடுத்துகிறார்கள். கோயில் என்றதும் மெல்லிய நைலெக்ஸ் சீலையும் குட்டைக்கை ரவிக்கையும்! துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் வந்தால் கதிரும் வரும். நெருக்கமாக நெய்த பருத்தித் துணி நல்லது. ஆண்கள் சட்டையைக் கழற்றினாலும் வெளிவீதிக்கு வந்ததும் ஒரு சால்வையாவது தோளில் போடுங்கள். அகல விளிம்புப் பனையோலைத் தொப்பி யாழ்ப்பாணத்திலேயே வாங்கலாம். குடை கரையில் நல்லது, படகில் வேண்டாம். நாம் விரித்தபோது படகுக்காரர் உடனே சத்தம் போட்டார்: "அம்மா, குடையை மடக்குங்கோ, காத்து ஆளையும் சேத்து இழுத்துப்போடும்!"

சன்ஸ்கிரீன் கிரீம் பற்றிக் கேட்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் விலை கூடியது. எஸ்.பி.எஃப் 30 உள்ளதை நிறையப் பூசி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும். அந்தக் காசுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வாங்குவதே மேல் என்பது எங்கள் அபிப்பிராயம். முகம் வெள்ளையாகும் என்று விற்கிற கிரீம் வேறு, இது வேறு. அது வெயிலைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம், சிலதில் பாதரசமும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு எந்தக் கிரீமும் வேண்டாம், நிழல்தான் மருந்து. திருவிழாக் கடையில் விற்கும் மலிவான கறுப்புக் கண்ணாடியிலும் கவனம். கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி போட்டால், இருட்டு என்று நினைத்துக் கண்மணி விரிந்து கூடுதல் கதிரை உள்ளே விடும்.

மாத்திரை குடிக்கிறவர்களும் கவனியுங்கள். எலிக்காய்ச்சலுக்குத் தருகிற டொக்சிசைக்கிளின், பிரஷருக்குத் தருகிற சில சிறுநீர் மாத்திரைகள் தோலை வெயிலுக்கு இளக்கமாக்கிவிடும். தாமாக நிறுத்தக் கூடாது. புறப்படுமுன் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தண்ணீர்தான் முக்கியம். தீவுகளில் நல்ல தண்ணீர் தட்டுப்பாடு, பல கிணறுகள் உவர். ஆளுக்கு இரண்டு லீற்றராவது கையோடு கொண்டுபோங்கள், தாகம் எடுக்குமுன்பே குடியுங்கள். இரண்டு ஜீவனி பக்கெட்டும் பையில் இருக்கட்டும். வேன் பேசும்போதே, கக்கூஸ் உள்ள இடத்தில் இரண்டு மணிக்கொரு தடவை நிறுத்த வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண்களே முன்வந்து சொன்னால் இன்னும் நல்லது.

யாராவது தலைசுற்றி, வியர்த்து, கெண்டைக்கால் இழுத்தால் நிழலில் படுக்க வைத்துக் காலை உயர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக ஜீவனி கொடுங்கள். ஆனால் உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு தடுமாறி, ஆள் அடையாளம் தெரியாமல் உளறினால் அது வேறு, உயிருக்கு ஆபத்து. வாயில் எதையும் ஊற்றாதீர்கள், பனடோலும் உதவாது. உடுப்பைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. கரைக்கு வந்த பிறகு என்றால் 1990 இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை.

தோல் சுட்டுவிட்டால் பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியைப் போடுங்கள். பற்பசை, எண்ணெய், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

திரும்பி வரும் படகுக்கும் வரிசை இருக்கும், அது இரண்டு மூன்று மணி வெயிலாகவும் இருக்கும். போகும்போதே எல்லாத் தண்ணீரையும் குடித்து முடித்துவிடாமல், ஆளுக்கு ஒரு போத்தல் அதற்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.