பிறந்த நாடும் புகுந்த நாடும்



2015 ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் 19 ஆம் திகதி, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைற்றன் நகரில் றக்பி உலகக் கிண்ண ஆட்டமொன்று நடைபெற்றது. ஒருபுறம், அக்கிண்ணத்தை இருமுறை வென்ற தென்னாபிரிக்கா. மறுபுறம், உலகக் கிண்ணத் தொடர்களில் அதுகாறும் 1991 இல் சிம்பாப்வேயை மட்டுமே வென்றிருந்த யப்பான். ஆட்டம் முடியுந் தறுவாயில் தென்னாபிரிக்கா 32 புள்ளிகளும் யப்பான் 29 புள்ளிகளும் பெற்றிருந்தன. அவ்வேளையில் யப்பானுக்குத் தண்ட உதை ஒன்று கிடைத்தது. பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் மூன்று புள்ளிகள் சேரும். ஆட்டம் சமநிலையில் முடியும். அணித் தலைவர் அதனை வேண்டாமென்றார். இரு அணியினரும் தோளோடு தோள் கோத்து ஒருவரையொருவர் நெருக்கும் 'ஸ்கிரம்' முறையையே தெரிந்துகொண்டார். சிறிது நேரத்தில் யப்பானிய அணி வீரரொருவர் இடப்புற மூலையிற் கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் ஊன்றினார். 34 க்கு 32 என யப்பான் வென்றது.

அத்தலைவரின் பெயர் மைக்கல் லீச். அவர் பிறந்த நாடு நியூசிலாந்து. தாயார் பீஜித் தீவினர். இறுதிப் புள்ளிகளை ஈட்டிய ஹெஸ்கெத் என்பவரும் நியூசிலாந்திற் பிறந்தவரே. அங்ஙனமாயின் வென்றது யப்பானா, யப்பானின் சட்டையை அணிந்த பிறரா என்னும் வினா எழுதல் இயல்பு. 2019 ஆம் ஆண்டு யப்பான் தன் சொந்த மண்ணில் அயர்லாந்தையும் ஸ்கொட்லாந்தையும் வென்று முதன்முறையாகக் காலிறுதிக்குச் சென்றபோது, அவ்வணியின் 31 பேரில் ஏறத்தாழ அரைப்பங்கினர் பிறநாடுகளிற் பிறந்தோராய் இருந்தனர். வேற்று நாட்டிற் பிறந்தவன் புகுந்த நாட்டின் பேரால் ஆடுதல் தகுமா? இதனையே இன்று ஆராய விழைகின்றேன்.

றக்பி ஆட்டம் நம் நாட்டில் 1891 இல் கண்டிக் கிங்ஸ்வூட் கல்லூரியிலே பாடசாலை ஆட்டமாகத் தொடங்கிற்று. கண்டியிலும் கொழும்பிலும் அது வேரூன்றியபோதிலும், துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் போலத் தமிழ்ப் பகுதிகளில் அத்துணை பரவவில்லை. ஆதலின் அதன் விதியைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒருவர் ஒரு நாட்டுக்கு ஆடுவதற்கு உலக றக்பிச் சபை கடவுச்சீட்டைக் கேட்பதில்லை. அந்நாட்டிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் பெற்றோருள் ஒருவராவது, பாட்டன் பாட்டியருள் ஒருவராவது அங்கே பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் குறித்த காலம் இடைவிடாது அந்நாட்டைச் சார்ந்திருத்தல் வேண்டும். அக்காலம் நெடுநாள் 36 மாதங்களாக இருந்தது. அதனை 60 மாதங்களாக உயர்த்துவதென 2017 இல் முடிவு செய்தனர். விட்டுவிட்டு வாழ்ந்தோராயினும், மொத்தம் பத்தாண்டுகள் வாழ்ந்திருந்தால் அதுவும் போதும்.

இவ்வழிகளுள் பலரும் ஐயுறுவது வாழ்விட விதியையே. எனக்கோ பாட்டியின் பிறப்புப் பத்திரமே பெரும் ஐயத்தைத் தருகின்றது. டேவிட் ஹில்ரன் என்னும் வீரர் இங்கிலாந்தின் பிரிஸ்ரல் நகரிற் பிறந்தவர். தம் பாட்டனார் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவிற் பிறந்தவர் என்னும் நம்பிக்கையில் ஸ்கொட்லாந்துக்காக 41 ஆட்டங்கள் ஆடினார். 2000 ஆம் ஆண்டளவில் ஏடுகளைப் புரட்டியபோது, பாட்டனாரும் பிரிஸ்ரலிற் பிறந்தவரே என்பது தெரியவந்தது. உடனே ஹில்ரன் தகுதி இழந்தார். பின்னர் ஸ்கொட்லாந்திலேயே வாழ்ந்த காலத்தைக் கணக்கிற் கொண்டு, 2002 இல் மீண்டும் அந்நாட்டுக்கு ஆடினார். ஆள் ஒருவரே, அவர் இடித்த தோள்களும் சிந்திய வியர்வையும் ஒன்றே. ஒரு பத்திரம் அவரை ஸ்கொட்லாந்தியர் ஆக்கிற்று; அது பொய்த்தபோது அவர் அந்நியரானார். பத்திரத்தினும் அவர் அங்கே கழித்த ஆண்டுகளே உறுதியாய் நின்றன.

மூதாதையர் பிறப்பைச் சான்றாகக் கேட்கும் சட்டம் எத்தகையது என்பதனை நம் நாட்டவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பிடத்தையும் பாட்டனின் பிறப்பிடத்தையும் வினவிற்று. இம்மண்ணிலே பிறந்து, இங்கேயே கொழுந்து பறித்து வாழ்ந்த மலையகத் தமிழர் பல இலட்சம் பேர் அச்சான்றைக் காட்ட வகையின்றி நாடற்றோராயினர். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை அக்குறை நீடித்தது. விளையாட்டு வேறு, வாழ்வுரிமை வேறு என்பது மெய்யே. எனினும், ஒருவன் எங்கே உழைத்தான் என்பதனை விடுத்து, அவன் முன்னோர் எங்கே பிறந்தனர் என்று தேடும் மனப்பாங்கு இரண்டிற்கும் பொது.

லீச் யப்பானுக்கு வந்தது 2004 இல். அப்போது அவருக்கு வயது பதினைந்து. சப்போரோ நகரின் உயர்தரப் பாடசாலையொன்றிற் சேர்ந்தார். பின் ரொக்காய்ப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். 2013 இல் யப்பானியப் பிரசையானார். பதினைந்து வயதுப் பிள்ளையொன்று தெரியாத மொழியிற் பாடங்கேட்டு, அந்நாட்டுச் சோற்றை உண்டு வளர்ந்த பின், "நீ எம்மவன் அல்லன்" என்று சொல்வதற்கு எவருக்கு உரிமையுண்டு?

அவருக்கு முன்னே வேறு சிலர் யப்பானுக்கு வந்த வரலாறு இன்னும் சுவையானது. ரொங்காத் தீவின் மன்னர் நான்காம் தௌபாஆகௌ தூப்போ எண்சட்டக் கணிதத்திற் பெரும் பற்றுடையவர். நம் பாலர் வகுப்புகளிற் காணும் எண்சட்டமேதான். யப்பானியர் அதனைக் கொண்டு பெருங் கணக்குகளை நொடியில் முடிப்பர். அக்கலையைக் கற்றுவரும்படி 1980 இல் ரொங்கா இளைஞர் இருவர் யப்பானியப் பல்கலைக்கழகமொன்றுக்கு வந்தனர். வந்தவர்கள் கணக்கோடு நிற்கவில்லை, பந்தையும் எடுத்துக்கொண்டனர். அவருள் ஒருவரான தௌமோபொலவ் 1987 இல், முதலாவது உலகக் கிண்ணத் தொடரிலேயே, யப்பானுக்கு ஆடினார். கல்வி தேடி வந்தவரிடம் ஒரு நாடு தன் சட்டையைக் கொடுத்தது. அதில் இழிவு யாதும் இல்லை.

இழிவு தோன்றுவது, சட்டைக்காகவே ஒருவரை வருவிக்கும்போது. 1995 இல் றக்பி பணத்துக்கு ஆடும் ஆட்டமாயிற்று. அதன்பின் செல்வ நாடுகளின் கழகங்கள் பிறநாட்டு இளைஞரை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அழைத்து, மூன்றாம் ஆண்டு முடிவில் தேசிய அணியில் நிறுத்தும் வழக்கம் தலைகாட்டிற்று. அயர்லாந்தில் இத்தகையோரைத் 'திட்ட வீரர்' என்றே அழைத்தனர். தென்னாபிரிக்காவிற் பிறந்த ஸ்ராண்டர் 2012 இல் அயர்லாந்து வந்து, 2016 இல் அந்நாட்டு அணியிற் புகுந்தார். அவ்வாண்டு யூன் மாதம் கேப்ரவுனில் தாம் பிறந்த நாட்டுக்கு எதிராகவே ஆடி, முரட்டாட்டத்தின் பொருட்டு இருபத்து மூன்றாம் நிமிடத்திலே வெளியேற்றப்பட்டார். எஞ்சிய பதினால்வரும் 26 க்கு 20 என வென்றனர். தென்னாபிரிக்க மண்ணில் அயர்லாந்து பெற்ற முதல் வெற்றி அதுவே. ஸ்ராண்டர் 51 ஆட்டங்கள் ஆடி 2021 இல் ஓய்வுபெற்றுத் தாய்நாடு திரும்பினார். அவரது உழைப்பிற் குறைகாண முடியாது. குறை, நாட்களை எண்ணிக்கொண்டு காத்திருந்த ஏற்பாட்டில் உள்ளது. மூன்றை ஐந்தாக்கியமை நன்று. ஐந்தாண்டு காத்திருக்கக் கழகங்களுக்கும் பொறுமை வேண்டும், இளைஞருக்கும் உண்மையான பற்று வேண்டும்.

அதிபராக இருப்போர் இதனை நன்கு அறிவர். மாகாணப் போட்டி நெருங்குங்கால், சிறிய பாடசாலையில் ஓடிக் கொண்டிருந்த பிள்ளையை நகரத்துப் பெரிய பாடசாலை அழைத்துக்கொள்ளும். விடுகைப் பத்திரத்திற் கையொப்பமிடும் சிறிய பாடசாலையின் அதிபர் பிள்ளையின் நன்மையை எண்ணித் தடுக்கமாட்டார். ஆயினும் அடுத்த ஆண்டு அப்பாடசாலையில் ஓடுவதற்கு எவரும் இரார்.

அச்சிறிய பாடசாலைகளின் நிலையிலேயே ரொங்காவும் சமோவாவும் உள்ளன. ரொங்காவின் மக்கள் தொகை ஏறத்தாழ ஓரிலட்சம். சமோவாவினது இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேல். 2011 இல் பிரான்சையே வென்ற ரொங்கா இன்றுவரை காலிறுதியை எட்டியதில்லை. இத்தீவுகளின் குருதியுடையோர் நியூசிலாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் அணிகளில் நிறைந்துள்ளனர். இதனை முழுவதும் கவர்தல் என்றுரைப்பது பிழை. வேல்சுக்கு ஆடிய பலேத்தாவு ரொங்காவிற் பிறந்து, அங்கே ஆடச் சென்ற தந்தையுடன் சிறுவனாய் வேல்ஸ் புகுந்தவர். அவரை யாரும் விலைக்கு வாங்கவில்லை. சமோவா அணியிலுங்கூட நியூசிலாந்திற் பிறந்து வளர்ந்தோர் பலர் உளர். நான் மேலே ஐயுற்ற பாட்டி விதியே அவ்வணிக்கு உயிர்நாடி. இதனாலேயே அவ்விதியை அறவே நீக்குக என்று நான் கூறத் துணியேன்.

நீக்க வேண்டியிருந்தது வேறொரு விதி. ஒருமுறை ஒரு நாட்டுக்கு ஆடியவர் வாழ்நாள் முழுவதும் வேறு நாட்டுக்கு ஆடலாகாது என்பது பொது நியதி. செல்வ நாடு ஓர் இளைஞரை ஓரிரு ஆட்டங்களில் இறக்கி, பின் கைவிட்டாலும், அவர் பிறந்த தீவுக்கு அவர் இல்லை. 2021 நவெம்பரில் இதனைத் தளர்த்தினர். மூன்றாண்டு ஒதுங்கியிருப்பின், தாமோ, பெற்றோரோ, பாட்டன் பாட்டியரோ பிறந்த நாட்டுக்கு ஒருமுறை மாறலாம் என்றாயிற்று. ரொங்காவிற் பிறந்து நியூசிலாந்துக்கு 24 ஆட்டங்கள் ஆடிய பெக்கித்தோவா, 2023 உலகக் கிண்ணத்தில் ரொங்காவின் செந்நிறச் சட்டையை அணிந்தார். புகுந்த வீட்டிலிருந்து பிறந்த வீட்டுக்கு வரும் வழி இப்போதுதான் திறந்தது.

ஆயினும் வீரர் திரும்பினாற் போதாது. ஆட்டமும் அங்கே செல்ல வேண்டும். சர்வதேச ஆட்டங்களில் நுழைவுச்சீட்டு வருமானத்தை ஆட்டத்தை நடத்தும் நாடே வைத்துக்கொள்ளுதல் வழக்கம். பெரிய அணிகள் தீவுகளுக்குச் செல்லாதவரை அத்தீவுகளின் பெட்டி நிறையாது. சமோவாக் குருதியுடைய வீரர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தன் அணியில் ஆடவிட்ட நியூசிலாந்து, சமோவாவின் தலைநகர் ஆபியாவில் முதன்முதலாக ஒரு சர்வதேச ஆட்டம் ஆடியது 2015 ஆம் ஆண்டு யூலை மாதத்திலேதான்.